அவ்ளோதான் வர்ற வரைக்கும்

எனக்குத் திட்டும்போது மட்டும் திக்காது. மத்தபடி யார்கிட்ட பேசினாலும் திக்கும். கடையில அரை கிலோ சர்க்கரை கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பின்னாடி வந்தவுங்க வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. ஆனா அவுங்க என்னை இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போனா, "யோவ், கண்ணு தெரியல?"ன்னு தண்ணி மாதிரி வரும். ஏன்னு டாக்டருங்களுக்குத் தெரியலாம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், கோவம் வந்தா என் நாக்கு அவுந்துக்கும். சின்ன வயசுலயே இதைக் கண்டுபிடிச்சுட்டேன். அப்புறம் என்ன, பேச வேண்டிய எடத்துலெல்லாம் கோவப்பட்டேன். மூக்குக்கு மேல கோவம்னு தெருவே சொல்லுச்சு. எனக்கு அது சௌகரியமா இருந்துது.

கோவத்தாலயும் ஆவாத வேலை ஒண்ணு உண்டு. என் பேரைச் சொல்றது. மத்த வார்த்தை வரலன்னா மாத்திக்கலாம். சர்க்கரை வரலன்னா சீனின்னு கேக்கலாம். பரங்கிப்பேட்டைக்கு டிக்கெட்டுன்னு வாய் வரலன்னா அதுக்கு முந்தின ஸ்டாப்புக்கு வாங்கிக்கிட்டு நடந்து போவலாம், போயிருக்கேன். பேருக்கு வேற வார்த்தை எங்க போறது? யாராவது "உன் பேரு என்னாப்பா?"ன்னு கேட்டா வாய் பூட்டு போட்டுக்கும். உதடு ஒட்டிக்கும், கழுத்து நரம்பு பொடைக்கும், கண்ணு தானா மூடிக்கும். எதிர்ல நிக்கிறவுங்க ஒண்ணு சிரிப்பாங்க, இல்ல பாவமா பாப்பாங்க. ரெண்டும் எனக்குப் புடிக்காது. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார், வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டுட்டு வருகைப் பதிவுல என் பேரை அவரே சொல்லி அவரே உள்ளேன் ஐயாவும் சொல்லிக்குவாரு.

அண்ணாமலை நகர்ல நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். ஹாஸ்டல்ல என்கூட ஒரே ரூம்ல இருந்தவன் பெண்ணாடத்துக்காரன். கரும்பு போடற குடும்பம். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். அவனை மாதிரி பாசமான ஒருத்தனை நான் பாத்ததில்லை, அவனை மாதிரி அவசரக்காரனையும் பாத்ததில்லை. நான் வாயைத் தொறந்து முதல் எழுத்துல மாட்டிக்கிட்டா போதும், மீதியை அவன் சொல்லிடுவான். கேன்டீன்ல நான் இட்லின்னு சொல்ல இ-ல நிக்கும்போதே, "அவனுக்கு ரெண்டு பரோட்டா"ன்னு முடிச்சு வச்சுடுவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனசோடதான் செய்வான். நாலு வருஷம் நான் தின்னதுல பாதி அவன் எனக்காக ஆர்டர் பண்ணது. எனக்குப் பரோட்டா புடிக்கவே புடிக்காது. அதைச் சொல்றதுக்கு அதைத் தின்னுடறது சுலபம்.

கடைசி வருஷம் கம்பெனிக்காரங்க வேலைக்கு ஆள் எடுக்க வந்தாங்க. எழுத்துப் பரீட்சையெல்லாம் தாண்டி உள்ள போவேன். உள்ள உக்காந்திருக்கிறவரு முதல் கேள்வியா, உங்களைப் பத்திச் சொல்லுங்கம்பாரு. அங்கியே என் இன்டர்வியூ முடிஞ்சு போவும். ரெண்டாயிரத்து அஞ்சுல பட்டத்தோட கடலூருக்கு வந்து சேந்தேன். எங்க அம்மா, வேலை கெடைச்சுதான்னு கேக்கறதை ஒரு கட்டத்துல நிறுத்திட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தப்ப வந்த கோவத்தை விட, நிறுத்தினப்ப வந்த வருத்தம்தான் ஜாஸ்தி.

மஞ்சக்குப்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்தேன். வர்றவுங்களுக்கு எந்த கேபின்னு கைய காட்டணும், நேரம் முடிஞ்சா கதவைத் தட்டணும். பேச்சுக்கு வேலையே கெடையாது. எனக்குன்னே செஞ்சு வச்ச உத்தியோகம். ஆள் இல்லாத நேரத்துல மூலை கம்ப்யூட்டர்ல சாட் பண்ணுவேன்.

சாட்னா இப்ப இருக்கிற மாதிரி இல்ல. எங்கயோ ஒரு சர்வர் ஓடும். அதுல அறை அறையா பிரிச்சிருக்கும். ஒரு புனைபேரைப் போட்டுக்கிட்டு அறைக்குள்ள போனா, அங்க இருக்கிற எல்லாரும் அடிக்கிறது வரிவரியா ஓடும். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிப்போம். எங்க அறையில முக்காவாசி கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்க; சில பேர் துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருந்துக்கிட்டு ஊர் மழையைப் பத்தி விசாரிப்பாங்க. அந்த அறையில நான்தான் வாயாடி. கிண்டல், கேலி, சண்டை, பஞ்சாயத்து எல்லாத்துலயும் முதல் ஆளு. விரலு திக்காது இல்லியா. நான் யாரு, எப்படி இருப்பேன்னு ஒருத்தருக்கும் தெரியாது, பெண்ணாடத்தானைத் தவிர. அவனும் அவுங்க ஊர் பிரவுசிங் சென்டர்லேர்ந்து வருவான். நான் திக்குவாய்னு அவன் மூச்சு விட்டதில்லை.

அந்த அறையில ஒருத்தர் இருந்தாங்க. புனைபேரு பயில்வான் மாதிரி இருக்கும். பேச்சும் அப்படித்தான், கிரிக்கெட்டுன்னா பிச்சு உதறுவாங்க. நாங்க எல்லாரும் மச்சான் மச்சான்னு உயிரை விட்டோம். நான் ஒரு படி மேல போயி, கவலைப்படாத மச்சான், உனக்கு எங்க தெருவுல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன்னு தெனமும் ஓட்டுவேன். ஒருநாள் மதியம் அவுங்க, வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுட்டு வந்துடறேன்னு அடிச்சுட்டுப் போனாங்க. அறை அப்படியே நின்னு போச்சு. ஒரு வரி ஓடல. திரும்பி வந்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது: அண்ணாமலை நகர்ல பாடம் நடத்தற அம்மா, ஸ்டாஃப் குவாட்டர்ஸ்ல குடியிருக்காங்க, பள்ளிக்கூடம் போற புள்ளைங்க ரெண்டு. ஆசையா கூப்புட்டீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்னு அடிச்சாங்க.

எனக்கு மானமே போச்சு. நம்ம ஊர்ல ஒருத்தரை என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம ஒரு வாய் தண்ணி கூட வாங்கிக் குடிக்க முடியாது. நான் ஒரு குடும்பஸ்திக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு உக்காந்தேன்.

அறையில ஏற்கெனவே ஒரு பாட் ஓடிக்கிட்டு இருந்துது. நான்தான் ஓட்டினேன், அந்த மூலை கம்ப்யூட்டர்ல. பாட்னா ஆள் இல்லாத ஆளு. மத்தவுங்களை மாதிரியே அறையில ஒரு பேரோட உக்காந்திருக்கும். நாம சொல்லிக்கொடுத்த வார்த்தையை யாராவது அடிச்சா, நாம சொல்லிக்கொடுத்த பதிலை அது அடிக்கும். அதுவரைக்கும் அதுக்குத் தெரிஞ்சது வர்றவுங்களுக்கு வணக்கம் சொல்றதும், கெட்ட வார்த்தை அடிச்சவனை வெளிய தள்றதும்தான். நான் அதுக்குப் புதுசா ஒரு கட்டளை எழுதினேன். ஆச்சரியக்குறி போட்டு, யாருன்னு அடிச்சு, பக்கத்துல ஒருத்தர் புனைபேரை அடிச்சா, அவுங்க எந்த ஊரு, என்ன பண்றாங்க, அண்ணனா தம்பியா அக்காவா, நீயா நீங்களான்னு பாட் சொல்லிடும். ஒவ்வொருத்தரும் தங்களைப் பத்தி எனக்குத் தனியா அனுப்புவாங்க; நான் அதுல கொஞ்சம் உப்பு காரம் போட்டு எழுதிச் சேப்பேன். முதல்ல எழுதினது குவாட்டர்ஸ் அம்மாவுக்கு. "வயசு கேக்காதீங்க. அக்கான்னு கூப்புடுங்க. மச்சான்னு கூப்புட்டது ஒரு காலம்"னு எழுதினேன். அவுங்க சிரிச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து அவுங்க எனக்கு அக்கா.

எல்லாரும் கேட்டாங்க, எனக்கு எழுது எனக்கு எழுதுன்னு. தன்னைப் பத்தித் தானே சொல்லிக்க முடியாதவன் ஊருக்கெல்லாம் அறிமுகம் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் புனைபேரைப் போட்டுக் கேட்டா மட்டும் பாட், "அது உனக்கெதுக்கு?"ன்னு சொல்ற மாதிரி வச்சிருந்தேன். எல்லாரும் அதைக் கிண்டல்னு நெனச்சாங்க.

கட்டளை வேலை செஞ்சுது, ஆனா ஒரு கோளாறு. பாட் பத்து வரியையும் ஒரே மூச்சுல கொட்டும். அப்படிக் கொட்டினா, எவனோ வம்புக்கு அடிக்கிறான்னு நெனச்சு சர்வர் பாட்டை வெளிய தூக்கிப் போட்டுடும். பேச வரலன்னு வெளிய வந்தவன் நான், பேச்சு ஜாஸ்தின்னு வெளிய போச்சு என் பாட். சரின்னு ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் நிறுத்தம் வச்சேன். இப்ப சர்வர் தூக்கல, ஆனா நம்ம ஆளுங்களால ரெண்டு செகண்ட் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. பாட் ஒரு வரி நிறுத்தினதும் எவனாவது நடுவுல பூந்துடுவான். பாண்டிச்சேரியில சின்னதா ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் வச்சிருந்தவரு ஒருத்தரு எங்க அறைக்கு வருவாரு. அவரோட அறிமுகம் ஓடிக்கிட்டு இருக்கு. இவர் பாண்டிச்சேரியில ஆபீஸ் வச்சிருக்காருன்னு ஒரு வரி. அடுத்து பெண்ணாடத்தான், ராத்திரி தின்ன பரோட்டா சரியில்லைன்னு ஒரு வரி. அதுக்கடுத்து, இதை நம்பித்தான் பல குடும்பம் இருக்குதுன்னு பாட்டோட வரி.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நேர்லதான் முடிக்க விட மாட்டான், இங்கயுமான்னு. மறுநாளே பாட்டுக்கு இன்னொண்ணு சொல்லிக்கொடுத்தேன்: அது பேச ஆரம்பிச்சா அறையில ஒருத்தரும் அடிக்க முடியாது, எல்லார் வாயும் பூட்டு. முடிச்சதும் தானா தொறந்துடும். நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஒரே வாரத்துல பாதி பேர் அறையை விட்டுப் போயிட்டாங்க. இவன் என்ன ஹெட்மாஸ்டரான்னு துபாய்க்காரர் ஒருத்தர் கேட்டுட்டே போனாரு.

அக்கா தனியா அடிச்சாங்க. வாயைக் கட்டிப் போட்டா யாருப்பா நிப்பாங்க, பாட் எப்ப முடிக்கும்னு தெரியாமதான் எல்லாரும் நடுவுல வர்றாங்க, முடிஞ்சுதுன்னு அது ஒரு வார்த்தை சொன்னா நாங்களே பொறுத்துக்க மாட்டோமான்னாங்க. எனக்கு அவுங்க மேலயும் கோவம் வந்துது. ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் அவுங்க சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியாம, பூட்டை எடுத்துட்டு, கடைசி வரியா "அவ்ளோதான்"னு பாட் சொல்ற மாதிரி வச்சேன்.

நம்பவே முடியல, பொறுத்தாங்க. பாட் நிறுத்தி நிறுத்தி வரி வரியா போடும், அறையே சும்மா இருக்கும். அவ்ளோதான் வந்ததும் எல்லாரும் கொட்டுவாங்க. போவப் போவ மனுஷங்களுக்கும் அதே பழக்கம் வந்துடுச்சு. யாராவது நீளமா ஒரு சங்கதி சொல்லணும்னா வரி வரியா அடிச்சுட்டு, முடிவுல அவ்ளோதான்னு போடுவாங்க. அதுக்கு முன்னாடி எவனாவது நடுவுல வந்தா, இன்னும் அவ்ளோதான் வரலன்னு நாலு பேர் அதட்டுவாங்க. ஒரு சிங்கப்பூர்க்காரர் அவுங்க அப்பா செத்ததை அப்படித்தான் சொன்னாரு, நடுநடுவுல வெகுநேரம் விட்டு விட்டு. ஒருத்தர் ஒரு எழுத்து அடிக்கல. பெண்ணாடத்தான் கூட. நேர்ல மட்டும் அவன் மாறவே இல்ல. கடலூருக்கு வந்தா எனக்கு முன்னாடி எனக்கு டீ சொல்லுவான்.

பாண்டிச்சேரிக்காரர் இதையெல்லாம் கவனிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. பாட்டுக்கு எழுதின புரோகிராமைக் காட்டுன்னாரு. அனுப்பினேன். பாத்துட்டு, எங்க ஆபீஸுக்கு ஒரு ஆள் வேணும், போன்ல பேசுவோம், நம்பர் குடுன்னாரு. போன் எனக்கு எமன். நேர்லயாவது கையக் காட்டலாம், போன்ல என்னத்தைக் காட்டறது? போன் ரிப்பேருன்னேன். இன்னொரு தடவை கேட்டப்ப தண்ணியில விழுந்துடுச்சுன்னேன். அடுத்த தடவை லைனே கட்டுன்னேன். அந்த ஆளும் விடல. பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை அறை ஆளுங்கள்லாம் அக்கா வீட்டுல கூடறோம், நீயும் வா, நேர்ல பேசிப் புடிச்சிருந்தா திங்கக்கிழமையே சேந்துக்கன்னுட்டாரு.

போவ மாட்டேன்னு முடிவு பண்ணேன். வேலை போனாப் போவுது. அந்த அறை ஒண்ணுலதான் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். அங்கயும் நான் யாருன்னு தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எனக்குன்னு என்னா மிச்சம்? பாவப்பட்டுப் பேச ஆரம்பிப்பாங்க. என் கிண்டலுக்குத் திருப்பிக் கிண்டல் பண்ண மாட்டாங்க. ஆனா மூலை கம்ப்யூட்டர் முன்னாடியே கெழவனாயிடுவேனோன்னும் பயமா இருந்துது. அம்மா சனிக்கிழமை ராத்திரியே என் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தாங்க. எங்க போறேன்னு கேக்கக்கூட இல்ல. எப்படித் தெரிஞ்சுதோ.

ஞாயித்துக்கிழமை காலையில பெண்ணாடத்தான் ஒரு கட்டு கரும்போட வாசல்ல நின்னான். அவன்தான் அம்மாகிட்டப் போட்டுக் குடுத்திருக்கான். "நீ வாயே தொறக்க வேணாம் மச்சான், எல்லாம் நான் பேசிக்கிறேன்"னான். எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுது. நாலு வருஷம் சோறு வாங்கிக் குடுத்தவன் ஒரு வேலை வாங்கிக் குடுக்க மாட்டானான்னு பஸ் ஏறிட்டேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி என் பேரைச் சொல்லிப் பாத்தேன். டிரைவர் ஆரன் அடிக்கும்போதெல்லாம் சுத்தமா வந்துது. யார் காதுலயும் விழாதுன்னா எனக்குத் திக்காது. அதுல யாருக்கு என்னா லாபம்?

அக்கா வீட்டு முன்னாடி வேப்பமரத்தடியில நாற்காலி போட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் கிள்ளையிலேர்ந்து இறால் வாங்கியாந்து அவரே உரிச்சுக்கிட்டு இருந்தாரு. அக்கா என்னைப் பாத்ததும், நீதானா அந்த வாயாடின்னாங்க. நான் இளிச்சேன். ஆமாங்க்கா இவனேதான்னான் பெண்ணாடத்தான். எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க, வீட்டுல யாரு யாரு, காபியா டீயா, எல்லாத்துக்கும் அவனே பதில். சாட்ல அந்த வாய், நேர்ல பாரு, பூனை மாதிரி உக்காந்திருக்கான்னு ஒருத்தர் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் பரவால்ல, தப்பிச்சுக்கலாம் போலன்னு இருந்துது.

சாப்பாடு முடிஞ்சு கரும்பு கடிச்சுக்கிட்டு இருக்கும்போது பாண்டிச்சேரிக்காரர் ஒரு ஆசையைச் சொன்னாரு. பாட் சொல்றது இருக்கட்டும், இன்னிக்கு ஒவ்வொருத்தரும் தங்க வாயால சொல்லுவோம், நான் யாருன்னு. அது உனக்கெதுக்குன்னு நம்மளை ஏய்ச்சுக்கிட்டு இருக்கிறவரு கடைசியில சொல்லட்டும்னு என்னைக் காட்டினாரு.

வட்டமா உக்காந்திருந்தோம். ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வர்றாங்க. எனக்கு ஒருத்தர் சொன்னதும் காதுல ஏறல. அடுத்து இவரு, அப்புறம் அவரு, அப்புறம் நானுன்னு நாற்காலியைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். உள்ளங்கை ஈரமாயி கரும்பு வழுக்குது. கக்கூஸ் எங்க இருக்குன்னு கேட்டு எழுந்து போயிடலாம்னு பாத்தேன். அதையும் வாயாலதானே கேக்கணும்.

என் முறை வந்துது. வாயைத் தொறந்தேன்.

முதல் எழுத்துலயே பூட்டிக்கிச்சு. உதடு ஒட்டினது ஒட்டினதுதான். காத்து உள்ளயே நிக்குது, வெளிய வரல. நான் ஏதோ நடிச்சுக் காட்டறேன்னு நெனச்சு ஒருத்தர் சிரிக்கத் தயாரானாரு. அப்புறம் அவர் மூஞ்சி மாறிப் போச்சு. அதைப் பாத்தேன். அதைத்தான் பாக்கக்கூடாதுன்னு இத்தனை நாள் ஓடினது. பக்கத்துல பெண்ணாடத்தான் நெளிஞ்சான். "அவன் பேரு..."ன்னு ஆரம்பிச்சான்.

எனக்குத் தலைக்கு ஏறுச்சு. அவன் மேல இல்ல, எல்லார் மேலயும், என் மேலயும். கோவம் வந்ததும் நாக்கு லேசாச்சு. எனக்குத் தெரியும், இப்ப நான் எழுந்து "மூடுடா"ன்னு கத்தினா கணீர்னு வரும். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லலாம். ஒருத்தரையும் விடாம திட்டிட்டு, கரும்பைத் தூக்கிக் கடாசிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடையைக் கட்டலாம். எத்தனையோ எடத்துல அப்படித்தான் தப்பிச்சிருக்கேன். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தும் எழுந்துட்டேன்.

அக்கா அவனைப் பாத்துச் சொன்னாங்க. என்னைப் பாக்கல. குரலைக் கூட ஒசத்தல.

"இரு தம்பி. இன்னும் அவ்ளோதான் வரல."

அவ்ளோதாங்க அவுங்க சொன்னது. பெண்ணாடத்தான் தொறந்த வாயை மூடிக்கிட்டான். வட்டத்துல எல்லாரும் சாட்ல என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணாங்க. சும்மா இருந்தாங்க. ஒருத்தர் கரும்பு மெல்லறதை நிறுத்தினாரு. யாரும் தலையைக் குனிஞ்சுக்கல, பாவமா பாக்கல, உதட்டை அசைச்சு எனக்கு எடுத்துக் குடுக்கல. அடுத்த வரி வரும், அது வர்றப்ப வரட்டும்னு பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி எனக்குக் காத்திருந்தாங்க. இந்தப் பழக்கத்தை அவுங்களுக்குப் பழக்கினதே நான்தான்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. நான் உக்காந்தேன்.

என் பேரு வந்துது. ஒடைஞ்சு ஒடைஞ்சு, முதல் எழுத்து எத்தனை தடவைன்னு தெரியாம, முழுசா வந்துது. ஆரன் சத்தம் இல்லாம, கோவம் இல்லாம, நாலு பேர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் என் பேரைச் சொன்னது அதான் முதல் தடவை. அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரல. ஊரு கடலூருன்னேன். கடலூர்ல க-ல, மணியடிச்ச பஸ் மாதிரி நின்னுட்டேன், அதுக்கும் பொறுத்தாங்க. இங்கதான் படிச்சேன்னேன். மஞ்சக்குப்பத்துல கேபின் கதவு தட்டறேன்னேன். அதுக்கப்புறம் என் வாழ்நாள்ல யார்கிட்டயும் சொல்லாததைச் சொன்னேன். எனக்குத் திக்கும், போன் ரிப்பேர் இல்ல, தண்ணியிலயும் விழலன்னேன். இதெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வேப்பமரத்து நிழல் நகந்திருக்கும். கடைசியா "அவ்ளோதான்"னேன். அதுவும் திக்கித்தான் வந்துது. அதுக்கும் காத்திருந்தாங்க. அது வந்து சேந்ததும் எல்லாரும் ஒண்ணா சிரிச்சாங்க. நான்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அழுகையா சிரிப்பான்னு இப்ப வரைக்கும் எனக்கே தெரியல.

பாண்டிச்சேரிக்காரர் என் திக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சர்வருக்கு ஒரு செகண்ட் நிறுத்தமே போதுமே, நீ ஏன் ரெண்டு வச்சேன்னு கேட்டாரு. ஒரு செகண்ட் வச்சப்ப, ரெண்டு பேர் சேந்தாப்ல கேட்டா வரியெல்லாம் குமிஞ்சு மறுபடியும் வெளிய தள்ளிடுச்சு, அதான்னு விளக்கினேன். நீளமான விளக்கம், வார்த்தைக்கு வார்த்தை மாட்டிக்கிட்டேன். வேலையைப் பத்திப் பேசறோங்கிற நெனப்புல மாட்டிக்கிறது பெருசாவே தெரியல. அவர் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, போன் வந்தா நீயும்தான் எடுக்கணும், பொறுக்க மாட்டேங்கிற ஆளா இருந்தா அவனே போனை வெச்சுட்டுப் போறான், நமக்கென்னன்னாரு. திங்கக்கிழமை வந்துடறியான்னாரு. அதுக்கு மட்டும் நான் தலையை ஆட்டினேன். எல்லாத்துக்கும் வாயைத் தொறக்கணுமா என்ன?

திரும்பி வர்றப்ப பஸ்ல பெண்ணாடத்தான் உம்முன்னு வந்தான். அவன் பேசாம வந்து நான் பாத்ததில்லை. என் மேல கோவமா மச்சான்னு கேட்டான். அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ஹாஸ்டல் காலத்துலேர்ந்து வச்சிருந்தேன், ஆரம்பிச்சேன். பரோட்டால ப-வுல மாட்டிக்கிட்டேன். அவன் வாய் துடிச்சுது, கம்பியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு அடக்கிக்கிட்டான். முட்லூர்ல ஆரம்பிச்சது ஆலப்பாக்கம் வரைக்கும் போச்சு. எனக்குப் பரோட்டா புடிக்காதுன்னு சொல்லி முடிச்சேன். அவன் என்னையே பாத்தான். அடப்பாவி, இதைச் சொல்லியிருக்கலாமேன்னான். அதுக்கப்புறம் அவனே தலையில அடிச்சுக்கிட்டான்.

திங்கக்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு முன்னாடி பிரவுசிங் சென்டரைத் தொறந்தேன். பாட்டுக்குள்ள போயி, அது உனக்கெதுக்குங்கிற வரியை அழிச்சேன். அந்த எடத்துல என் நெசப் பேரை எழுதினேன். கடலூருன்னு எழுதினேன். தம்பின்னு கூப்புடலாம், மச்சான்னும் கூப்புடலாம்னு எழுதினேன். நேர்ல பாத்தா திக்கும், பொறுங்கன்னு எழுதினேன். உப்பு காரம் எதுவும் போடல.

அறைக்குள்ள போயி, நானே ஆச்சரியக்குறி போட்டு, யாருன்னு அடிச்சு, என் புனைபேரைப் போட்டேன். பாட் ஒரு வரி போட்டு நிறுத்துச்சு. அடுத்த வரி. நிறுத்துச்சு. அந்த நேரத்துக்கு அறையில அக்கா இருந்தாங்க, துபாய்லேர்ந்து ரெண்டு பேர் இருந்தாங்க, பெண்ணாடத்தான் இருந்தான். ஒருத்தரும் நடுவுல வரல. கடைசியில அவ்ளோதான் வந்துது. வந்ததுக்கப்புறமும் அறை சும்மாவே இருந்துது. கொஞ்ச நேரம் கழிச்சு பெண்ணாடத்தான்தான் முதல்ல அடிச்சான்.

"மச்சான், இப்ப நான் பேசலாமா?"